எடைப் பத்தியை மாற்றுவதற்கு முன்

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையின் நெல் வரவு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். தரவுத்தளத்தில் எடைப் பத்தி (column) முழுக் கிலோவில் இருந்தது. கிராமும் வேண்டும் என்றார் முதலாளி. குறுவை அறுப்பு நேரம், வாசலில் டிராக்டர் வரிசை. நேரடியாகக் கை வைக்க மனம் வரவில்லை.

மாற்றுவதற்கு முந்தின இரவு, தரவின் பேக்கப்பை டாக்கரில் (மென்பொருளைத் தனியாக ஓட்டிப் பார்க்க உதவும் கருவி) ஏற்றினேன். ஒரு ஸ்கிரிப்ட் போலி ரசீதுகளைப் போட்டுக்கொண்டே இருக்க, பத்தியின் வகையை மாற்றும் 'ஆல்டர் டேபிள்' கட்டளையை ஓட்டினேன். ரசீது அப்படியே நின்றது. இன்டிஜரை (முழு எண்) நியூமெரிக் (தசம எண்) ஆக்கினால் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் முழு டேபிளையும் திருப்பி எழுதும்; அதுவரை டேபிளைப் பூட்டி வைத்து, படிக்கக்கூட விடாது. காலி டேபிளில் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

அப்புறம் புதிய பத்தி சேர்த்து, புது ரசீது வரும்போது அதையும் தானாக நிரப்பும் டிரிகர் வைத்து, பழைய வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினேன். 'லாக் டைம்அவுட்' (பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம்) 2 வினாடி. நகலில் ரசீது நிற்கவில்லை. சரி என்று ஆலையிலும் ஏற்றிவிட்டேன்.