கட்டியைச் சுற்றியுள்ள ஸ்டெம் செல்கள்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் ஒரு வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், கொஞ்ச நாளிலேயே அந்தக் குடும்பத்தின் வாட்ஸ்அப்புக்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) பற்றி ஒரு செய்தி வந்து சேர்கிறது. “செத்த செல்லுக்குப் பதில் புதுச் செல் வரும், உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்” என்று அதில் இருக்கும். அனுப்புகிறவர் பெரும்பாலும் அக்கறையோடுதான் அனுப்புகிறார். ஆனால் கட்டி வளரும் இடத்தில் ஸ்டெம் செல் என்ன வேலை பார்க்கிறது என்று தெரியாமல் அதை நம்பிப் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

கட்டி என்றாலே முழுக்கப் புற்றுச் செல் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கட்டிக்குள் ரத்தக் குழாய்கள், நோய் எதிர்ப்புச் செல்கள், நார்த்திசுவை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் எல்லாம் இருக்கின்றன. கணையப் புற்றில் பல நேரம் கட்டியின் பெரும்பகுதி இந்தச் சுற்றுப்புறம்தான். புற்றுச் செல்கள் குறைவு. இந்தச் சூழலின் முக்கியத்துவம் நேற்று இன்று தெரிந்ததல்ல. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889-லேயே, மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்தார். கல்லீரலுக்கு அடிக்கடி பரவியிருந்த நோய், மண்ணீரலுக்கு அரிதாகவே பரவியிருந்தது. எந்த உறுப்பின் சூழல் ஒத்துவருகிறதோ, அங்கேதான் புற்று தங்கி வளர்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அடுத்த தவறு, இரண்டு வகைச் செல்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. புற்றுச் செல்களுக்குள்ளேயே ஒரு சிறு கூட்டம் நோயைத் திரும்பத் திரும்ப உண்டாக்கும் திறன் கொண்டது என்பதை, டொராண்டோவில் ஜான் டிக்கின் குழு 1990-களில் ரத்தப் புற்றில் காட்டியது. இவை புற்று ஸ்டெம் செல்கள். இவற்றை அழிக்கத்தான் ஆராய்ச்சியாளர்கள் வழி தேடுகிறார்கள். கட்டியைச் சுற்றி வந்து சேரும் மீசன்கைமல் ஸ்டெம் செல்கள் வேறு. இவை நம் எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பிலும் இருக்கிற சாதாரணச் செல்கள். எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடியவை. அடிபட்ட இடத்துக்குப் போய்ப் பழுதுபார்ப்பதும் இவற்றின் வேலை.

“பழுதுபார்க்கிற செல் என்றால் நல்லதுதானே, இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் என்ன?” இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அமெரிக்க நோயியல் மருத்துவர் ஹெரால்ட் டுவோரக் 1986-ல் கட்டியை ஆறாத புண் என்று சொன்னார். புண் விடுகிற அதே ரசாயனச் சைகைகளைக் கட்டியும் விடுகிறது, ஆனால் நிறுத்துவதே இல்லை. அந்தச் சைகையைப் பின்தொடர்ந்து மீசன்கைமல் செல்கள் அங்கே போய்விடுகின்றன. போன இடத்தில் அவை தம் வழக்கமான வேலையைத்தான் செய்கின்றன: புது ரத்தக் குழாய் வளர உதவுகின்றன, அழற்சி தணியட்டும் என்று டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களை அடக்குகின்றன, சில அங்கேயே ஃபைப்ரோபிளாஸ்ட்களாக மாறிவிடுகின்றன. வெட்டுக்காயம் ஆற இது எல்லாமே தேவை. கட்டிக்கோ, ரத்தம் கிடைக்கிறது, எதிர்ப்பும் குறைகிறது.

2007-ல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகம் மார்பகப் புற்றுச் செல்களை மஜ்ஜையிலிருந்து எடுத்த மீசன்கைமல் செல்களோடு கலந்து எலிகளுக்குச் செலுத்தியது. புற்று நுரையீரலுக்குப் பரவுவது கூடியது. புற்றுச் செல்களின் தூண்டுதலால் ஸ்டெம் செல்கள் சிசிஎல்5 என்ற புரதத்தைச் சுரந்ததுதான் காரணம். அந்தச் சைகையைத் தடுத்தபோது பரவல் குறைந்தது. அதாவது புற்றுச் செல்லின் மரபணுவே மாறிப்போய்விடவில்லை. பக்கத்தில் இருந்த செல்தான் அதைத் தூண்டிக்கொண்டிருந்தது.

சரி, அப்படியானால் ஸ்டெம் செல் என்றாலே விஷமா? இந்த எதிர்முனைக்குப் போவதும் தவறுதான். 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கப்போசி சார்கோமா என்ற புற்று இருந்த எலிகளில் இதே வகைச் செல்கள் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தன. எந்தப் புற்று, எந்த நிலை என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. கட்டியைத் தேடிப் போகும் இந்தக் குணத்தை வைத்தே, மருந்தைச் சுமந்து செல்ல இவற்றைப் பயன்படுத்தலாமா என்றும் ஆராய்கிறார்கள். எலியில் நடந்ததை வைத்து மனிதருக்கு இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்தப் பயம் இன்னொரு பக்கம் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. லுக்கீமியா என்ற ரத்தப் புற்று வந்த பிள்ளைக்கு மருத்துவர் மஜ்ஜை மாற்று சிகிச்சை சொல்லும்போது, “ஸ்டெம் செல் புற்றை வளர்க்குமாமே” என்று குடும்பம் தயங்கக் கூடாது. அங்கே கொடுப்பது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். மேலே சொன்ன மீசன்கைமல் வகை அல்ல. கடுமையான கீமோ அழித்துவிட்ட ரத்த உற்பத்தியை அவை மீட்டுத் தருகின்றன. இன்னொருவர் கொடுத்ததாக இருந்தால், கொடையாளரின் எதிர்ப்புச் செல்கள் மிச்சமிருக்கும் புற்றையும் தாக்குகின்றன. கோலாலம்பூரில் இந்தச் சிகிச்சை 1980-களிலிருந்தே நடக்கிறது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த ஒவ்வொரு உடன்பிறப்பின் திசு வகையும் முழுமையாகப் பொருந்த 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதனால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் தாமதிக்காமல் பரிசோதனைக்குப் போவது நல்லது. கொடுத்தவரின் உடம்பு அந்தச் செல்களைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும்.

அப்புறம் நேரடி விற்பனையில் வரும் ஆப்பிள் ஸ்டெம் செல் மாதிரியான பானங்கள், மாத்திரைகள். செடியின் செல் நம் உடம்பில் போய் மனிதச் செல்லாக மாறாது. வயிற்றில் செரித்துவிடும், அவ்வளவுதான். பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவெண் இருப்பதைக் காட்டி, அரசாங்கமே ஒப்புக்கொண்ட மருந்து என்பார்கள். அந்த எண் ‘என்’ (N) என்ற எழுத்தோடு முடிந்தால் அது ஊட்டச்சத்துப் பொருள், ‘டி’ (T) என்றால் பாரம்பரியப் பொருள். புற்றைக் குணமாக்கும் என்று அது நிரூபிக்கப்பட்டதாகப் பொருளில்லை. புற்றைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடுக்கிறது.

ஊசியாகவோ டிரிப்பாகவோ ஏற்றுவது இதைவிடப் பெரிய விஷயம். புற்றிலிருந்து மீண்ட ஒருவர் முட்டிவலிக்காக ஸ்டெம் செல் ஊசி போடலாமா என்று கேட்டால், முதலில் அவருடைய புற்றுநோய் மருத்துவரைக் கேட்கச் சொல்வேன். பல மருத்துவ ஆய்வுகள் புற்றுநோய் வந்தவர்களைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. அதனால் அவர்களுக்கு இது பாதுகாப்பானதா என்பதற்கான சான்று குறைவு. கிளினிக்கில் கேட்க வேண்டியவையும் உண்டு: எந்த வகைச் செல், யாருடையது, எங்கே வளர்த்தது, சுகாதார அமைச்சின் அனுமதி எதற்கு இருக்கிறது. எழுத்தில் தர மறுத்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், டாக்டர் ஏசுவார் என்று மறைக்காதீர்கள். எடுத்த பொருளின் பெட்டியையும் கிளினிக் கொடுத்த ரசீதையும் அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்தத் தேதியில், எத்தனை முறை என்பதையும் சொல்லுங்கள். ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் எப்படிப் பார்ப்பது, எப்போது திரும்ப எடுப்பது என்று முடிவு செய்ய அவருக்கு அந்த விவரம் வேண்டும்.