சிங்கப்பூரில் வாடகைக்குக் குடிவருகிறீர்களா? ஏர்கான் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்

வேலை அனுமதி, வங்கிக் கணக்கு, சிம் கார்டு எல்லாவற்றுக்கும் கம்பெனியே வழிகாட்டிவிடும். வாடகை ஒப்பந்தம் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடென்றால் குறைந்தது 6 மாதம், காண்டோ எனும் தனியார் அடுக்குமாடி வீடென்றால் 3 மாதம். கையெழுத்திட்ட 14 நாளுக்குள் முத்திரை வரி கட்டிவிடுங்கள். இதெல்லாம் எளிது. ஒப்பந்தத்தின் நடுவே சின்ன எழுத்தில் கிடக்கும் ஏர்கான் விதிதான் ஆளைக் கவிழ்க்கிறது.

ஊரில் சித்திரை வெயில் தொடங்குமுன் மெக்கானிக்கை ஒருமுறை கூப்பிடுவோம். அதோடு சரி. மார்கழியில் ஏசி பக்கமே போக மாட்டோம். இங்கே மார்கழியும் கிடையாது, பங்குனியும் கிடையாது. ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். விடிகாலையில் 90ஐத் தாண்டும். ஏர்கான் ஓடும் நேரமெல்லாம் அந்த ஈரத்தைக் காற்றிலிருந்து பிழிந்து தட்டில் விடுகிறது. அதில் தூசி படிந்து கொழகொழவென்று வடிகுழாயை அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் சுவரிலும் மெத்தையிலும் சொட்டும்.

அதனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் 3 மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்வது வாடகைக்காரர் பொறுப்பு, செலவும் அவருடையது. என் நண்பர் அதை ஒழுங்காகவே செய்தார், தெரிந்த ஒருவரை வைத்து, கையில் காசு கொடுத்து. காலி செய்யும் நாளில் வீட்டுக்காரர் ரசீது கேட்டார். ரசீது இல்லை என்றதும், சர்வீஸே நடக்கவில்லை என்று முடிவு கட்டி, எல்லா யூனிட்டுக்கும் கெமிக்கல் வாஷ் (ரசாயனம் போட்டுக் கழுவுவது) செலவை டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார். அதில் ஒரு யூனிட் நண்பர் குடிவந்த வாரமே சொட்டியது! அதற்கும் படமில்லை. உழைத்துச் சேர்த்த பணம். இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கமிஷன் வாங்கிய ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போதே ஏர்கானைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கடைசி சர்வீஸ் ரசீதை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் முதல் 30 நாளில் வரும் பழுது வீட்டுக்காரர் செலவு என்று இருக்கும்; இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். குறை கண்டால் அன்றே படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சர்வீஸுக்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டால் ரசீது தானாக வந்துவிடும்.

மதுரையில் ஓடிய ஏர்கூலரைத் தூக்கிவர வேண்டாம். வறண்ட காற்றில்தான் அது குளிரும். இங்கே அறையை இன்னும் புழுங்கவைக்கும். இரவில் 25 டிகிரி வைத்து மின்விசிறியும் போட்டால் போதும், மின்கட்டணமும் அடங்கும்.

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது அலமாரியை அடைத்துவிட்டுப் போகாதீர்கள். பட்டு வேட்டி, சேலை, தோல் செருப்பு எதையும் பூஞ்சை விடாது. ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் சூப்பர்மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கின்றன. அலமாரிக்கு ஒன்று வையுங்கள். கல்யாணப் பட்டை மட்டும் அம்மாவிடமே விட்டுவிட்டு வருவது நல்லது.