பல இடங்களில் ஆடத் தெரிந்த அறிமுக வீரரின் பங்கைக் கணிப்பது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தில் பன்முகத் திறமை கொண்ட புதிய வீரரை எங்கே நிறுத்துவது என்று வாதிடுமுன், 53 பேர் கொண்ட அணிப் பட்டியலில் எந்த இடம் பலவீனமாக இருக்கிறது, அங்கே ஆடுபவரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதைப் பாருங்கள். முதல் ஆண்டின் ஆட்ட நேரத்தைத் திறமையைவிட அந்த வெற்றிடமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

பிறகு, அவருடைய கல்லூரி ஆட்டங்களை முழுமையாகப் பார்த்து, அவர் எந்த இடத்தில் எத்தனை முறை நின்றார் என்று எண்ணுங்கள். சிறந்த காட்சிகளை மட்டும் தொகுத்த காணொளித் துணுக்குகள் போதாது, ஏனெனில் பந்தில்லாதபோது அவர் எதிரணியினரை எப்படித் தடுக்கிறார் என்பதை அவை காட்டுவதில்லை. பயிற்சியாளரின் நம்பிக்கையோ அதில்தான் இருக்கிறது.

2020இன் புதிய வீரர் தேர்வில் (டிராஃப்ட்) அரிசோனா கார்டினல்ஸ் அணி 8ஆவதாகத் தேர்ந்தெடுத்த ஐசையா சிம்மன்ஸ், கல்லூரியில் லைன்பேக்கராகவும் (தடுப்பாட்டத்தின் நடு வரிசை) சேஃப்டியாகவும் (தடுப்பாட்டத்தின் கடைசி வரிசை) மின்னியவர். தொழில்முறை ஆட்டத்தில் அவருக்கு ஓரிடமும் நிலைக்கவில்லை. மாறாக, ரிசீவரான (எறியப்படும் பந்தைப் பிடிப்பவர்) டீபோ சாமுவேல் 2021இல் பந்தைப் பிடித்து 1,405 கெஜமும், ஏந்தி ஓடி 365 கெஜமும் சேர்த்தார். ஆனால் அது அவருடைய 3ஆம் பருவம், ரிசீவராக வேரூன்றிய பிறகே அந்த இரண்டாம் வேலை பெருகியது. எனவே, "இவரால் எத்தனை இடங்களில் ஆட முடியும்?" என்று கேட்காமல், "எந்த ஓரிடத்தை முதலில் கற்றுத் தேறுவார்?" என்று கேளுங்கள். பந்தை உதைக்கும் தருணங்களுக்கான சிறப்பு அணியில் அவருக்கு இடமுண்டா என்பதையும் மறவாமல் கவனியுங்கள்.