தசைநார்: செல் வம்சமா, நரம்பா? விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகம் புகுமுன் எழுதும் தேர்வு) உயிரியல் எழுதுகிறவர்களும் மருத்துவம் படிக்கத் தொடங்கியவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தசைநார், அதாவது தசையைச் சுருக்கும் நீண்ட செல், வேகமானதாகவோ மெதுவானதாகவோ ஆவதை எது முடிவு செய்கிறது என்று கேட்டால், "நரம்பு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி விடை. மற்ற பாதி, அந்த நார் எந்தச் செல் வம்சத்தில் வந்தது என்பது.

அந்த எண்ணத்துக்குக் காரணம் உண்டு. 1960-இல் புல்லர், ஜான் எக்கிள்ஸ், ரோசமண்ட் எக்கிள்ஸ் மூவரும் பூனையின் காலில் வேகத் தசைக்கும் மெதுத் தசைக்கும் போகும் நரம்புகளை மாற்றி இணைத்தார்கள். மெதுத் தசை வேகம் பிடித்தது, வேகத் தசை தளர்ந்தது. 1969-இல் சால்மன்ஸ், வெர்போவா இருவரும் வேகத் தசையின் நரம்புக்கு நொடிக்கு 10 மின்துடிப்பு வீதம் வாரக்கணக்கில் கொடுத்தார்கள். அதுவும் மெதுவானது. அருமையான சோதனைகள்தான், ஆனால் பிறந்த விலங்கில் செய்தவை. அவற்றைக் கருவுக்கும் அப்படியே பொருத்துவதுதான் பெரிய தவறு.

நரம்பே எட்டாதபடி செய்த கோழிக் கருவின் இறக்கையிலும் முதல் நார்கள் வேகம், மெது என்று பிரிந்தே உருவாகின்றன. நரம்பில்லாமல் அவை தேய்ந்துபோவது பிற்பாடுதான்.

சரி, அப்படியானால் எல்லாம் வம்சம்தானா? அதுவும் இல்லை. 1997-இல் டிமாரியோ, ஸ்டாக்டேல் இருவரும் கோழிக் கருவின் தசைமூலச் செல்களை (தசைநாராக மாறப்போகும் செல்கள்) தண்டுவடத்தோடு சேர்த்து வளர்த்தார்கள். தொடையின் உட்புற மெதுத் தசையிலிருந்து வந்த செல்கள், நரம்பு கிடைத்ததும் மெது மயோசினை, அதாவது தசையைச் சுருக்கும் புரதத்தின் மெதுவான வகையை, உண்டாக்கின. நெஞ்சுத் தசையிலிருந்து வந்தவை நரம்பு கிடைத்தும் உண்டாக்கவில்லை. வம்சம், நரம்பு இரண்டும் சேர்ந்தால்தான் நடக்கிறது. என்னைக் கேட்டால், விடையில் முதலில் எழுத வேண்டியது இந்தச் சோதனையைத்தான்.

நிறத்தைப் பார்த்து வேகத்தைச் சொல்லாதீர்கள். சௌகிட் பாசாரில் வாங்கும் கோழியின் தொடை சிவப்பாக இருப்பது, ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தால். சிவந்த நார்களிலும் வேகமானவை உண்டு. சுருங்கும் வேகம் மயோசின் வகையைப் பொறுத்தது.

நார் பிளந்து பெருகுவதாகவும் எழுத வேண்டாம். தசைமூலச் செல்கள் பல ஒன்றாக இணைந்துதான் ஒரு நார் உருவாகிறது. காயம் பட்டால் ஈடுசெய்வது, 1961-இல் மவுரோ கண்டறிந்த சாட்டிலைட் செல்கள், அதாவது நாரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மூலச் செல்கள். எலியின் மெதுத் தசை காயத்துக்குப் பின் நரம்பில்லாமல் வளர்ந்தால் வேக மயோசினே மேலோங்குகிறது. நரம்பு திரும்பி வந்தால்தான் மெது மயோசின் நிலைக்கிறது.