கோயில் வெப்சைட் செய்யலாம் வாங்க, காதால கேக்குறவங்களுக்கும் சேத்து

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல எங்க தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒரு வெப்சைட் போட்டாங்க, பாக்க அழகாதான் இருந்துச்சு, ஆனா மொத்த விவரமும் ஒரே போஸ்டர் படம். ரப்பர் பால்மரம் வெட்டி ரிட்டையர் ஆன எங்க பெரியப்பாவுக்கு இனிப்புநீர் (சர்க்கரை) நோயால பார்வை போயிருச்சு, போன்ல டாக்பேக்னு ஒரு ஸ்க்ரீன் ரீடர், அதாவது ஸ்க்ரீன்ல உள்ளத வாசிச்சுச் சொல்றது, அதப் போட்டு காதாலதான் படிப்பாரு. அவருக்கு அது "இமேஜ்"னு மட்டும் சொல்லிட்டு நின்னுருச்சு. "தீமிதி எத்தன மணிக்குய்யா?"ன்னு என்கிட்ட கேட்டாரு. அன்னிக்கு ராத்திரியே உக்காந்து புதுசா எழுதினேன், அதையே இங்க சொல்றேன்.

முதல்ல நோட்பேட்ல ஒரு எச்டிஎம்எல் (வெப் பக்கம் எழுதுற மொழி) ஃபைல் திறங்க. முதல் வரி டாக்டைப் (<!DOCTYPE html>), அத விட்டுட்டா பிரவுசர் பழைய காலத்து குவர்க்ஸ் மோடுக்குப் போயிரும், அளவெல்லாம் மாறும். அடுத்து எச்டிஎம்எல் டேக்ல லாங்னு போட்டு டிஏன்னு குடுங்க (lang="ta"), இது தமிழுக்கான கோடு. நம்மாளுங்க நிறைய பேரு எங்கயோ காப்பி பண்ணி இங்கிலீஷ் கோடான இஎன்னு (en) விட்டுர்றாங்க, அப்ப ஸ்க்ரீன் ரீடர் தமிழ இங்கிலீஷ் குரல்ல வாசிக்கப் பாக்கும், ஒண்ணும் புரியாது. தமிழ் எழுத்து சரியா வர கேரக்டர் செட் யூடிஎஃப் 8 (<meta charset="utf-8">).

இப்ப மார்க்கப், அதாவது எது தலைப்பு, எது மெனுன்னு டேக் போட்டுக் காட்டுறது. கோயில் பேரு எச்1 (முதல் தலைப்பு டேக்), "பூசை நேரம்", "தீமிதி", "அன்னதானம்" ஒவ்வொண்ணும் எச்2 (துணைத் தலைப்பு). எழுத்த பெருசாக்கி போல்ட் பண்ணிட்டா அது தலைப்பு ஆகாதுங்க, கண்ணுக்குத்தான் அப்படித் தெரியும். பெரியப்பா தலைப்பு தலைப்பா தாவித்தான் போவாரு, நெசமான எச்2 இருந்தாத்தான் தாவ முடியும். மெனுவுக்கு நேவ் (nav) டேக், நடுவுல உள்ளதுக்கு மெயின் (main) டேக்.

போஸ்டர தூக்கிப் போட வேணாம், ஆனா அதுல உள்ள நேரம், இடம் எல்லாத்தையும் கீழ எழுத்தா டைப் பண்ணுங்க. போட்டோவுக்கு ஆல்ட் (alt, படத்துக்குப் பதிலா வாசிக்கிற விவரம்) எழுதுறப்ப, போன்ல ஒருத்தர்கிட்ட அந்தப் படத்த எப்படிச் சொல்வீங்களோ அப்படி: "செம்பனை மரங்களுக்கு நடுவுல கோபுரம், வாசல்ல பந்தல்". சும்மா அழகுக்கு வச்ச பூ பார்டருக்கு ஆல்ட்ட காலியா விடுங்க. அன்னதானத்துக்குப் பேரு குடுக்குற ஃபார்ம்ல ஒவ்வொரு கட்டத்துக்கும் லேபல் வேணும், லேபல்ல உள்ள ஃபாரும் (for) கட்டத்தோட ஐடியும் (id) ஒண்ணா இருக்கணும்.

கலர், அளவு மாதிரி ஸ்டைல் எல்லாம் தனி சிஎஸ்எஸ் ஃபைல்ல. தமிழுக்கு லைன் ஹைட் (வரி உயரம்) 1.7 வைங்க, இல்லன்னா மேல் வரி எழுத்தோட கீழ் வளைவு கீழ் வரி "கீ"யோட சுழில போய் இடிக்கும். கலர்தான் ரொம்ப முக்கியம். கோயில்னாலே மஞ்சள் மேல சிவப்பு போடத் தோணும், நானும் போட்டேன், ஆனா பளிச் மஞ்சள்ல பளிச் சிவப்புக்கு கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) 3.7தான் வருது, எல்லாரும் படிக்கிற மாதிரி வெப்சைட் செய்றதுக்கான விதிமுறையான டபிள்யூசிஏஜி சாதாரண எழுத்துக்குக் கேக்குறது 4.5. சிவப்ப அரக்கு நிறமா மாத்துனேன், 10க்கு மேல போயிருச்சு, மங்களகரமும் குறையல. சிஎஸ்எஸ்ல அவுட்லைனுக்கு "நன்"னு (outline: none) மட்டும் போட்டுராதீங்க, மவுஸ் இல்லாம டேப்ல போறவங்களுக்கு எங்க நிக்கிறோம்னு காட்டுறது அந்தக் கோடுதான்.

முடிச்சதும் எச்டிஎம்எல்ல உள்ள தப்பக் காட்டுற டபிள்யூ3சி வேலிடேட்டர்ல போட்டு, சிவப்பா வர்ற தப்ப மேலருந்து ஒவ்வொண்ணா திருத்துங்க, மேல மூடாத ஒரு டேக்கால கீழ பத்து தப்பு வரும். அப்புறம் மவுஸ கழட்டி வச்சிட்டு டேப்லயே ஃபார்ம நிரப்பி அனுப்பிப் பாருங்க. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு என்விடிஏங்கிற ஸ்க்ரீன் ரீடர் இலவசம், ஆண்ட்ராய்ட் போன்ல பெரும்பாலும் டாக்பேக் ஏற்கெனவே இருக்கும். ஸ்க்ரீன பாக்காம தீமிதி நேரத்தக் கண்டுபிடிங்க. பெரியப்பா மூணு ஸ்வைப்ல பிடிச்சாரு, எனக்கு எட்டு ஆச்சு.