ஈரப்பத டிரான்ஸ்மிட்டரைத் திருத்தும் முன் வெப்பநிலையைச் சரிபாருங்கள்

காற்றின் ஈரப்பதத்தை அளந்து மின் சைகையாக அனுப்பும் கருவியான டிரான்ஸ்மிட்டர் காட்டும் ஈரப்பதம் தவறாகத் தோன்றினால், உடனே ஈரப்பத அளவைத் திருத்த முனைய வேண்டாம். சார்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய உச்ச நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) வெப்பநிலையைப் பொறுத்தே அமைவதால், அறை வெப்பநிலையில் 50 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது சென்சாருக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையே 1 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருந்தாலே, அளவீடு ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளிகள் பிசகிவிடும்.

வெப்பநிலை சரியாக இருந்தால், அடுத்து வெளியீட்டு வரம்பைப் பாருங்கள். 0 முதல் 100 சதவீதத்துக்கு 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என அமைத்த கருவியில், மீட்டர் 12 மில்லி ஆம்பியர் காட்டும்போது பி.எல்.சி. (அந்தச் சைகையைப் படிக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) திரையில் 50 வராவிட்டால், பிழை சென்சாரில் இல்லை, பி.எல்.சி.யின் அளவு அமைப்பில்தான் இருக்கிறது.

இவ்விரண்டும் சரியான பிறகே, தெரிந்த ஈரப்பதத்தைத் தந்து சென்சாரை ஒப்பிட்டுத் திருத்த உதவும் உப்புக் கரைசலுக்கு வர வேண்டும். 25 டிகிரியில் தெவிட்டிய லித்தியம் குளோரைடு கரைசல் மூடிய கலத்தில் 11.3 சதவீதத்தையும், சோடியம் குளோரைடு 75.3 சதவீதத்தையும் தரும். கலத்தின் அடியில் கரையாத உப்பு ஈர மணல்போலத் தங்கியிருக்க வேண்டும். அது முழுவதும் கரைந்துவிட்டால் அந்த மதிப்பை நம்ப முடியாது. சென்சார் கரைசலைத் தொடவே கூடாது. கலத்தைக் கையால் பிடித்தால் அந்தச் சூடே அளவைக் கெடுக்கும் என்பதால், மேசைமேல் வைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருங்கள். முதலில் தாழ்ந்த புள்ளியையும் பின்னர் உயர்ந்த புள்ளியையும் திருத்துங்கள்.

திருத்துவதற்கு முன் கருவி காட்டிய மதிப்புகளையும் தேதியுடன் கட்டாயம் குறித்து வையுங்கள். சென்சார் எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதை அந்தக் குறிப்பிலிருந்து மட்டுமே கணிக்க முடியும்.