சைக்கிளுக்கு மோட்டார்: பெல்ட்டையே கிளட்ச்சாக்கும் முறை

சைக்கிளில் என்ஜின் மாட்ட நினைப்பவர்கள் முதலில் என்ஜினைத் தேடி அலைகிறார்கள். அதற்கு முன் புல்லிக் (பெல்ட் ஓடும் பள்ளச் சக்கரம்) கணக்கைப் போட்டுவிடுங்கள். இந்த வண்டி ஓடுவதும் ஓடாததும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1939இல் வந்த விஸ்ஸர் சைக்கிள் மோட்டார் முதலில் டயரை உருளையால் தேய்த்துத்தான் ஓட்டியது. 1942இல் பெல்ட்டுக்கு மாறினார்கள். பின்சக்கரக் கம்பிகளில் பெரிய புல்லி. பெல்ட்டை இறுக்கினால் வண்டி ஓடும், தளர்த்தினால் என்ஜின் தனியாகச் சுற்றும். நாம் செய்யப்போவதும் அதேதான்.

என்ஜின்

புல் வெட்டும் மெஷினின் 25 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் போதும். சுமார் 3 கிலோ எடை, ஏறக்குறைய 1 குதிரைசக்தி. நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் 25 சி.சி.க்கு மேற்படாத என்ஜின் இருந்தால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(28)இன்படி அது மோட்டார் வாகனம் ஆகாது. 35 சி.சி. சக்தி அதிகம்தான், ஆனால் பதிவு, லைசென்ஸ் என்று வேறு சங்கடம் வரும். வேண்டாம்.

கணக்கு

28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். மணிக்கு 25 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 417 மீட்டர், அதாவது 190 சுற்று. என்ஜின் 6000 சுற்றில் ஓடட்டும். 6000ஐ 190ஆல் வகுத்தால் ஏறக்குறைய 32. இதை ஒரே பெல்ட்டில் குறைக்க முடியாது, இரண்டு கட்டம் வேண்டும்.

முதல் கட்டம்: என்ஜினில் 50 மி.மீ. புல்லி, என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையே வரும் நடு ஷாஃப்ட்டில் 300 மி.மீ. புல்லி. 6 மடங்கு குறையும். இதற்கு 10 மி.மீ. அகலமுள்ள இசட் பெல்ட் (வி பெல்ட்டில் சின்ன அளவு). அதைவிடத் தடித்த ஏ பெல்ட்டை இவ்வளவு சின்னப் புல்லியில் வளைத்தால் சீக்கிரம் வெடித்துவிடும்.

இரண்டாம் கட்டம்: நடு ஷாஃப்ட்டில் 75 மி.மீ. புல்லி, பின்சக்கரத்தில் சுமார் 400 மி.மீ. வளையம். 5.3 மடங்கு. இங்கே 13 மி.மீ. ஏ பெல்ட். இரண்டையும் பெருக்கினால் 32 வந்துவிடும்.

அந்த 400 மி.மீ. வளையத்துக்குக் கடையில் தேட வேண்டாம். சிறுவர் சைக்கிளின் 20 இஞ்ச் ரிம் சரியாகப் பொருந்தும். பெல்ட் அதன் அடியில் தட்டையாகப் படுத்தாலும் நழுவாது. அவ்வளவு பெரிய வட்டத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும். பெல்ட்டும் சின்னப் புல்லிகளும் வெட் கிரைண்டர் ஸ்பேர்ஸ் கடையிலேயே கிடைக்கும்.

பொருத்துதல்

எல்லாமே சைக்கிளின் இடப்பக்கம், செயின் இல்லாத பக்கம். பின் கேரியரை வெல்டிங் வைத்துப் பலப்படுத்தி, என்ஜினையும் 20 மி.மீ. நடு ஷாஃப்ட்டையும் (இரண்டு 204 எண் பேரிங் பிளாக்கில்) அதன்மேல் வையுங்கள். மாட்டும் முன் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை மெதுவாக இழுத்து, என்ஜின் ஷாஃப்ட் சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையில்தான் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிம்மைப் பின்சக்கரக் கம்பிகளில் கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும். கிளாம்புக்கும் கம்பிக்கும் நடுவே பழைய டியூப் ரப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் கம்பிகள் அறுபடும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் ஆட்டம் 2 மி.மீ.க்குள் வரும்வரை சரிசெய்யுங்கள். அப்புறம் நூல் பிடித்து, மேலே உள்ள புல்லியும் கீழே உள்ள ரிம்மும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் கழன்று விழுவதற்குப் பெரும்பாலும் கோணல்தான் காரணம்.

ஷாஃப்ட்டுக்கும் சக்கர அச்சுக்கும் 430 மி.மீ. தூரம் இருந்தால் பெல்ட் நீளம் 1667 மி.மீ. வரும், ஏறக்குறைய ஏ-64 (அந்த எண் பெல்ட்டின் உள்நீளம், இஞ்ச் கணக்கில்). நீங்கள் ஏ-66 வாங்குங்கள். அந்த 2 இஞ்ச் தளர்வு இல்லாமல் கிளட்ச் இல்லை.

கிளட்ச்

இதில் அவசரப்படாதீர்கள். ஓரம் வைத்த ஒரு தட்டை உருளையைப் பேரிங்கோடு ஆடும் இரும்புக் கை ஒன்றில் மாட்டி, பெல்ட்டின் முதுகை வெளியிலிருந்து உள்ளே அழுத்தும்படி வையுங்கள். எந்தப் பக்கம்? சைக்கிள் செயினை மிதித்துப் பாருங்கள்: முன்பல்சக்கரத்தை நோக்கி வரும் பக்கம் விறைப்பாகவும், திரும்பிப் போகும் பக்கம் தொய்வாகவும் இருக்கும். பெல்ட்டிலும் அப்படித்தான். நம் அமைப்பில் சக்கரத்திலிருந்து மேலேறும் பின்பக்கம் விறைப்பு, கீழிறங்கும் முன்பக்கம் தொய்வு. உருளை முன்பக்கத்தில், சின்னப் புல்லிக்கு அருகில் இருக்கட்டும். விறைப்பான பக்கத்தில் வைத்தால் என்ஜின் இழுக்கும்போது உருளையையே தள்ளிவிடும்.

உருளையை இறுக்குவது ஸ்பிரிங்காக இருக்க வேண்டும். பழைய பைக்கின் கிளட்ச் லீவரை இடது கைப்பிடியில் மாட்டி, கேபிள் அந்த ஸ்பிரிங்குக்கு எதிராக இழுக்கும்படி செய்யுங்கள். லீவரைப் பிடித்தால் விடுபடும், விட்டால் பிடிக்கும். பைக் ஓட்டியவர்கள் கைக்குப் பழகியது.

தளர்ந்த பெல்ட் சின்னப் புல்லியை உரசிக்கொண்டே சுற்றும். அதைத் தடுக்க, பெல்ட்டின் வெளிப்புறம் 3 மி.மீ. தள்ளி இரண்டு கம்பிகளை வெல்டு வையுங்கள். தளர்ந்ததும் பெல்ட் அந்தக் கம்பிகளில் மோதி, பள்ளத்திலிருந்து மேலெழும்பும். சின்ன வேலைதான், ஆனால் கிளட்ச் சுத்தமாக விடுவது இதனால்தான்.

என்ஜினோடு வரும் மையவிலக்கு கிளட்ச்சை (என்ஜின் வேகமெடுத்தால் தானாகப் பிடிப்பது) கழற்ற வேண்டாம். அதன் டிரம்மிலிருந்து 50 மி.மீ. புல்லிக்கு ஒரு அச்சை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளுங்கள். நின்ற இடத்தில் லீவரை மறந்து விட்டாலும் என்ஜின் அணையாது. ஆனால் அது புல் வெட்டத் தயாரானது. நிற்கும் வண்டியை ஆளோடு இழுக்கச் சொன்னால் கருகும். முதலில் மிதித்து வேகம் எடுத்து, அப்புறம் லீவரை மெல்ல விடுங்கள்.

ஓட்டும் முன்

வேட்டி, சேலை, துப்பட்டா எதுவும் சிக்காதபடி இரண்டு பெல்ட்டுக்கும் தகரமூடி கட்டாயம். என்ஜினை அணைக்கும் சுவிட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடிக்க வேண்டும். ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைத் தூக்கி, லீவரைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரைக் கூட்டுங்கள். சக்கரம் அசையக் கூடாது.

முதல் ஓட்டம் சமதரையில், சிறிது தூரம் மட்டும். இறங்கி என்ஜினை அணைத்து, பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வழுக்குகிறது, ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். புது பெல்ட் கொஞ்சம் நீளும், அதனால் முதல் வாரம் ஒவ்வொரு முறையும் இதைப் பார்த்துவிடுங்கள்.